மருந்தளித்த மாமேதை டாக்டர் சுப்பாராவ்

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடம் சென்று வாழ்வோர் அனைவர்க்கும் ஒரு கணக்கு உண்டு. இன்னும் மூன்று ஆண்டுகள், அல்லது ஐந்து ஆண்டுகள். அதன்பின் ஊர் திரும்பிவிடலாம் என்பதே அக்கணக்கு. ஆண்டுகள் உருண்டோடுகின்றன, கணக்கு மட்டும் முடிவதில்லை. வேலையும் கடமையும் பிள்ளைகளின் கல்வியும் நம்மை வந்த இடத்திலேயே வேரூன்றச் செய்துவிடுகின்றன. இந்த மலரைக் கையில் ஏந்தும் அன்பர்களுள் பலர் இதனைத் தம் வாழ்விலேயே உணர்ந்திருப்பர். அத்தகையோர் அறிந்து போற்றத்தக்க பெரியார் ஒருவரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர், மூன்றே ஆண்டுகளில் திரும்பி வருவதாக மனைவிக்கு வாக்களித்துக் கடல் கடந்து சென்று, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அயல்நாட்டில் உழைத்து, ஊர் திரும்பாமலே மறைந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. வறுமையும் நோயும் அடுத்தடுத்து அவ்வில்லத்தின் வாயிலை மிதித்தன. சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று எண்ணி அவர் ஒருநாள் வீட்டை விட்டே புறப்பட்டுவிட்டார். தாயார் அவரைத் தடுத்து மீட்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். அந்த அன்னையின் உறுதி இல்லாதிருந்தால் உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இராசமகேந்திரவரத்தில் தொடங்கிய கல்வி சென்னையில் நிறைவெய்தியது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையிலேயே அவர் மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். இரு முறை தோற்ற மாணவனைக் கண்டு நகைப்போர் இன்றும் உளர். அவர்கள் இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்வது நலம். பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பை முடித்தார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவின்பால் சென்றது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விழைந்தார். ஆயினும் தாயாரின் இசைவு கிட்டவில்லை. பிணியுற்றோர்க்குத் தொண்டு செய்வதும் துறவுக்கு நிகரே என்ற எண்ணம் மேலோங்க, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். நண்பர்களின் உதவியும், பின்னாளில் அவருக்கு மாமனாராகிய கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி அவர்களின் உதவியும் அக்கல்விக்குத் துணை நின்றன. 1919-ஆம் ஆண்டு சூரியநாராயணமூர்த்தி அவர்களின் மகள் சேஷகிரியை அவர் மணந்தார்.

அது நாட்டு விடுதலை வேட்கை கொழுந்துவிட்டெரிந்த காலம். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சுப்பாராவ் கதராடை உடுத்தலானார். அறுவை மருத்துவ அறையிலும் கதர் அங்கியையே அணிந்து நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் இதனைப் பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்கு தேறியும், அவருக்கு எம்.பி., பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டிற்று. சென்னை மருத்துவப் பணியிற் சேரும் வாய்ப்பும் இதனால் நழுவிற்று. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி அவர்கள் சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரையாளராக அவர் பணியேற்றார்.

இதற்கிடையே அவர் வாழ்வின் போக்கையே மாற்றிய துயரம் ஒன்று நிகழ்ந்தது. ஸ்புரூ என்று மேனாட்டு மருத்துவர் அழைக்கும் கொடிய கிராணி நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியாயினர். உண்ட உணவு உடலிற் சேராமல் கழிந்து, இரத்தம் சுண்டி, உடல் மெலிந்து மாளச் செய்யும் நோய் அது. அந்நாளில் அதற்குத் தக்க மருந்து எவரிடத்தும் இல்லை. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. லட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் உயிர் தப்பினார். தான் பிழைத்து உடன்பிறந்தார் மாண்டது ஏன் என்ற வினா அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. வெப்ப நாட்டு நோய்களின் காரணத்தையும் மருந்தையும் காண்பதே இனித் தம் வாழ்வின் பணி என அவர் உறுதி பூண்டார்.

காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவி அளிப்பதாக உறுதி கூறிற்று. மாமனார் பொருள் திரட்டித் தந்தார். கருவுற்றிருந்த மனைவியிடம் மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சுப்பாராவ் கப்பலேறினார். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். கையில் இருந்த பொருள் விரைவில் கரைந்தது. பகலில் மாணவராகவும், இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவும் ஊழியராகவும் அவர் வாழ்ந்தார். ஊரில் அவருக்கு மகன் பிறந்தான். தந்தை முகம் காணாமலே குழவிப் பருவத்தில் மறைந்தான். அச்செய்தியைத் தாங்கிய கடிதம் கடல் கடந்து அவர் கைக்கு எட்டிய நாளில், ஆறுதல் கூற அருகில் உறவினர் எவரும் இல்லை.

வெப்பநாட்டு மருத்துவத்திற் பட்டயம் பெற்றபின், சுப்பாராவ் உயிர் இரசாயனத் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியரிடம் ஆய்வுப் பணி ஏற்றார். அக்காலத்தில் இரத்தம், சிறுநீர், தசை முதலியவற்றில் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளப்பது அரிய செயலாக இருந்தது. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் எளிய வழியொன்றைக் கண்டனர். பாஸ்பேட்டுடன் அமிலம் கலந்த மாலிப்டேட் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகும். அதனைத் தக்கதோர் இரசாயனப் பொருளால் ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நீலம் அடர்ந்தால் பாஸ்பரஸ் மிகுதி, வெளிறினால் குறைவு. இம்முறையை அவ்விருவரும் 1925-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரால் அது உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களிற் பரவிற்று. வேதியியல் மாணவர்கள் பல தலைமுறையாக அந்நீல நிறத்தைக் கண்டே பாஸ்பரஸை அளந்து வந்துள்ளனர்.

கருவி கிடைத்தால் காட்சியும் கிடைக்கும் அன்றோ? அம்முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் தெளிவாக அறியாத பொருளொன்று அவர்கள் கண்ணுக்குப் புலனாயிற்று. தசை சுருங்கும்போது குறைந்தும், ஓய்வில் மீண்டும் வளர்ந்தும் அது காணப்பட்டது. அதுவே பாஸ்போகிரியட்டின் ஆகும். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியர் அதே காலத்தில் இப்பொருளின் சாயலைக் கண்டிருந்தனர். அதன் இயல்பு இன்னதென்று 1927-ஆம் ஆண்டு நிறுவியவர்கள் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஆவர். தசையின் ஆற்றலுக்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே காரணம் என்பது அக்காலக் கொள்கை. தசை பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மையர்ஹாஃப் என்னும் அறிஞர் இருவர் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசையே பெற்றிருந்தனர். நிலைபெற்றிருந்த அக்கொள்கையின் அடித்தளத்தை இப்புதிய கண்டுபிடிப்பு அசைத்துவிட்டது.

1929-ஆம் ஆண்டில் அதனினும் பெரிய செல்வம் கிட்டியது. அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. எனப்படும் பொருளைத் தசையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து அதனைக் கண்டார். ஏ.டி.பி. என்பது உயிரணுவின் கைப்பணம் என்று கூறலாம். வீட்டில் நெல்லும் நகையும் எவ்வளவு இருப்பினும், கடைத்தெருவிற் செலவிடச் சில்லறை வேண்டும். அவ்வாறே உடலிற் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு சேர்ந்திருப்பினும், உயிரணு தன் அன்றாட வேலைக்குச் செலவிடுவது ஏ.டி.பி. என்னும் இந்நாணயத்தையே ஆகும். மூன்று பாஸ்பேட்டுகள் தொடர்ந்து நிற்கும் அதன் வாலில் கடைசிப் பாஸ்பேட் கழன்று வேறொன்றிற் சேரும்போது வேலை நடைபெறுகிறது. பாஸ்போகிரியட்டினோ, சில்லறை தீரும்போது உடனே நிரப்பித் தரும் உண்டியலைப் போன்றது.

இக்கண்டுபிடிப்பின் முழுப்பொருளை உலகம் உணரப் பல ஆண்டுகள் ஆயின. உயிரணுக்குள் நடைபெறும் செயல்கள் யாவும் நொதிகள் என்னும் என்சைம்களால் நடைபெறுகின்றன. அந்நொதிகளை இயங்கச் செய்வது எது, அடங்கச் செய்வது எது என்பதே பின்னாளில் எழுந்த பெரிய வினா. 1955-ஆம் ஆண்டு எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்னும் இருவர் அதற்கு விடை கண்டனர். கைனேஸ் என்னும் வகை நொதி, ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றி வேறொரு நொதியின் மீது பொருத்துகிறது. பொருத்தியதும் அந்நொதி விழித்தெழுகிறது, அல்லது உறங்கிவிடுகிறது. பாஸ்படேஸ் என்னும் வேறொரு வகை நொதி அப்பாஸ்பேட்டை நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. விளக்கை ஏற்றவும் அணைக்கவும் ஒரு விசை இருப்பதைப் போன்றது இது.

அதனையொட்டி ஏர்ல் சதர்லாந்து என்னும் அறிஞர் மற்றொன்றைக் கண்டார். அச்சம் நேர்ந்தபோது சுரக்கும் அட்ரினலின் உயிரணுவின் வெளிச்சுவரைத் தட்டுகிறதேயன்றி உள்ளே புகுவதில்லை. ஆயினும் உள்ளே சேமித்துவைத்த மாச்சர்க்கரை கரைந்து ஆற்றலாகிறது. வாயிலில் நின்ற தூதனின் செய்தியை உள்ளே கொண்டுசென்றது யார்? சுவரிலுள்ள அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதி, ஏ.டி.பி.யையே உருமாற்றி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு பொருளாக்குகிறது. அதுவே உட்சென்று கைனேஸைத் தட்டியெழுப்பும் இரண்டாம் தூதன் ஆகும். செய்தி முடிந்தபின் அத்தூதனை அழிக்கவும் தனியே ஒரு நொதி உண்டு. இல்லையேல் ஒருமுறை எழுந்த அச்சம் ஓயாமலே போய்விடும். சதர்லாந்துக்கு 1971-ஆம் ஆண்டும், கிரெப்ஸ், ஃபிஷர் இருவர்க்கும் 1992-ஆம் ஆண்டும் நோபெல் பரிசு கிடைத்தது. மனித உடலில் 500-க்கு மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன என்று இன்று அறிந்துள்ளோம். அவற்றுள் ஒன்று அடங்க மறுப்பின் புற்றுநோய் தோன்றவும் கூடும். ஆற்றலுக்கும் செய்திக்கும் ஒருங்கே முதலாக நிற்பது ஏ.டி.பி.யே. அதனைக் கண்டோருள் ஒருவர் சென்னையில் எல்.எம்.எஸ். சான்றிதழுடன் நிறுத்தப்பட்ட மாணவர் என்பதை நாம் மறத்தலாகாது.

1930-ஆம் ஆண்டு ஹார்வர்டு அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. எனினும் நிலையான பேராசிரியப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. கட்டுரைகளில் ஃபிஸ்கேயின் பெயர் முன்னும் சுப்பாராவின் பெயர் பின்னும் நின்றன. தம் பெருமையைத் தாமே எடுத்துரைக்கும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. அதே ஆய்வுக்கூடத்திற் பயின்று, பின்னாளில் 1988-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சில வெளிவராமற் போகவே, பல ஆண்டுகளுக்குப் பின் பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று வருந்தியுள்ளார். திரும்பி வருவதாகக் கூறிய மூன்று ஆண்டுகள் எப்போதோ கழிந்துவிட்டன. கிராணிக்கு மருந்து காணாமல் எப்படித் திரும்புவது என்ற எண்ணம் ஒருபுறம். காத்திருக்கும் மனைவியின் நினைவு மறுபுறம். கடிதங்கள் சென்றன, வந்தன, அவர் மட்டும் செல்லவில்லை.

1940-ஆம் ஆண்டு அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் முழுநேரப் பணி ஏற்று, சில ஆண்டுகளிலேயே ஆராய்ச்சித் தலைவரானார். அங்குக் கழிந்த எட்டு ஆண்டுகளும் பொன்னான ஆண்டுகள் ஆகும்.

முதலாவது, ஃபோலிக் அமிலம். ஈரலில் இரத்தச் சோகையைத் தீர்க்கும் சத்து ஒன்று உண்டு என்பதை 1926-ஆம் ஆண்டு முதலே மருத்துவர் அறிவர். 1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் பம்பாய்க்கு வந்து, அங்கு ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வருத்திய சோகை, ஈஸ்ட் சாற்றால் தீர்வதைக் கண்டு 1931-ஆம் ஆண்டு வெளியிட்டார். 1941-ஆம் ஆண்டு கீரையிலிருந்து இத்தகைய சத்தைப் பிரித்தெடுத்த அமெரிக்க அறிஞர்கள் அதற்கு இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். ஆயினும் ஒரு சிட்டிகை சத்துக்கு வண்டி வண்டியாய்க் கீரை வேண்டுமாயின் அது ஏழைக்கு எட்டுமா? சுப்பாராவின் குழுவினர் 1945-ஆம் ஆண்டு அதனை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினர். உடனே மருத்துவர் அதனைச் சோகைக்கும், கிராணிக்கும் கொடுத்துப் பார்த்தனர். கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கிராணியால் வாடிய நோயாளர் அம்மருந்தால் எழுந்து நடந்தனர். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோயைச் சுப்பாராவ் இவ்வாறு வென்றார். ஆனால் அவ்வெற்றி, அவர்களைப் பறிகொடுத்துக் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது.

இரண்டாவது, அச்சத்தின் எதிர்ப்பொருள்கள். ஃபோலிக் அமிலம் உயிரணுக்கள் பெருகத் துணைபுரிவதாயின், அதனைப் போன்று தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் போலி ஒன்று, வரம்பின்றிப் பெருகும் புற்றணுக்களை அடக்குமன்றோ? இவ்வெண்ணத்துடன் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் சிட்னி ஃபார்பர் கேட்ட பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் செய்து அனுப்பினர். அவற்றுள் அமினோப்டெரின் என்பதை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்ததில், 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-ஆம் ஆண்டு சூனில் வெளிவந்த இச்செய்தியே புற்றுநோய்க்கு மருந்தால் மருத்துவம் செய்யும் முறைக்கு வித்தாயிற்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட், நொதியொன்றைக் கட்டிப்போடுவதன் மூலம் உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கிறது. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் அது இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்கு மருந்து. கொசுவினாற் பரவும் நுண்புழுக்கள் உடலிற் புகுந்து காலை வீங்கச் செய்யும் அக்கொடுமையை நம் தாயகத்துக் கடற்கரை ஊர்களில் கண்டிராதார் அரியர். அப்புழுக்களை ஒழிக்கும் டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தை 1947-ஆம் ஆண்டு சுப்பாராவின் குழுவினர் அளித்தனர். ஹெட்ரசான் என்பது அதன் வணிகப் பெயர். 2004-ஆம் ஆண்டு இந்திய அரசு யானைக்கால் நோயுள்ள மாவட்டங்களில் மக்கள் திரளுக்கு ஆண்டுதோறும் மருந்தளிக்கத் திட்டம் வகுத்தபோது, அதன் கருவியாக நின்றதும் இம்மருந்தே.

நான்காவது, ஆரியோமைசின். எழுபது வயதைக் கடந்து, பல்கலைக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற தாவர நூற் பேராசிரியர் பெஞ்சமின் டக்கருக்கு லெடர்லியில் ஆய்வுப் பணி அளிக்கப்பட்டது. அவர் 1945-ஆம் ஆண்டு மிசூரி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து பொன்னிற மருந்தொன்றைக் கண்டார். டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் தலைமகன் அதுவே. 1994-ஆம் ஆண்டு சூரத் நகரில் கொள்ளை நோய் பரவியபோது மக்களைக் காத்தவை அக்குடும்பத்து மருந்துகளே.

ஆரியோமைசின் பற்றிய செய்தி உலகுக்கு வெளியானது 1948-ஆம் ஆண்டு சூலைத் திங்களில். அடுத்த திங்களிலேயே, ஆகஸ்டு 8-ஆம் நாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மறுநாள் கண் விழிக்கவில்லை. நெஞ்சடைப்பு அவர் உயிரைக் கவர்ந்தது. அப்போது அவருக்கு வயது 53. தாய்நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைய இன்னும் சில நாள்களே இருந்தன. விடுதலை பெற்ற மண்ணை அவர் கண்ணாற் காணவில்லை. மனைவியின் முகத்தை மீண்டும் காணவுமில்லை.

பெரும் பரிசு எதுவும் அவரை வந்தடையவில்லை. 1953-ஆம் ஆண்டு காளான் இனம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1995-ஆம் ஆண்டு, அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் பெயர் இன்னார்க்கு உரியது என்றறியாத ஆயிரமாயிரம் தாய்மார், மகப்பேற்றுக் காலத்தில் ஃபோலிக் அமில மாத்திரையை நாள்தோறும் உண்டு வருகின்றனர். மருத்துவமனையில் கைக்குழந்தையுடன் காத்திருக்கும் தந்தை, மருந்துச் சீட்டில் எழுதிய சொல்லின் பின்னே ஒரு மனிதரின் வாழ்வு உண்டு என்பதை அறியான். புகழ் என்பது பெயரில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்வரலாற்றை வெறும் வெற்றிக் கதையாகக் கூறி முடிப்பது முறையாகாது. உலகுக்கு மருந்து தந்தவரின் மகன், தந்தையின் மடியைக் காணாமல் மறைந்தான். மூன்றாண்டு என எண்ணிக் காத்திருந்த சேஷகிரி அம்மையார் எஞ்சிய வாழ்வையும் தனிமையிற் கழித்தார். சுப்பாராவின் தவத்திற்கு அவர் ஒருவர் மட்டும் விலை கொடுக்கவில்லை. ஊரில் இருந்தவரும் கொடுத்தனர். அவருடைய சிலைக்கு மாலை சூட்டும்போது, அவ்வம்மையாரையும் ஒருகணம் நினைத்தல் நம் கடமை.

வேற்றிடத்தில் வாழும் நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. வந்த இடத்திற் செய்யும் பணி எதுவாயினும், கலம் கழுவுவதாயினும் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்குவதாயினும், அதனை முழு மனத்துடன் செய்தல் வேண்டும் என்பது ஒன்று. ஊரில் நமக்காகக் காத்திருப்போரிடம் கொடுத்த வாக்கை, இயன்றவரை காலம் கடக்கும் முன் நிறைவேற்றுதல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைச் சுப்பாராவ் தம் வாழ்வால் நமக்குக் கற்பித்தார். பின்னதை அவருக்கு வாய்க்காத பேற்றினால் கற்பித்தார். அப்பெருமகனாரின் நினைவு நீடு வாழ்க!